மிதவையில் ஒரு துளை

இரண்டு கைகளும் வெந்துபோய்க் கிடக்கிற மனிதனுக்கு யாராவது ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம் வாங்கி அனுப்புவார்களா?

கட்டிலின் தலைமாட்டில் இருந்த இரும்பு அலமாரியின் மேல் அந்தப் பை கிடந்தது. போட்ட முடிச்சு போட்டபடி இருந்தது. அடியில் நசுங்கிய ஒரு பழம் அழுகிப் பைக்குள் தண்ணீர் விட்டிருந்தது. மருந்து வாடையையும் மீறி அந்தப் புளித்த நாற்றம் சர்வேயரம்மாவின் மூக்கில் ஏறியது.

"யார் கொடுத்தது?" என்று கேட்டார்.

"டாக்டர் ஐயா அனுப்பினாருங்க" என்றார் டிரைவர். குரலில் நன்றி இருந்தது. இரண்டு கைகளும் முழங்கை வரை வெள்ளைத் துணியில் சுற்றப்பட்டு, தலையணைகளின் மேல் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன.

சர்வேயரம்மாவின் உதவியாளன் முடிச்சை அவிழ்த்து, அழுகியதைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டான். நல்லதாக ஒன்றை எடுத்து உரிக்க ஆரம்பித்தான். "உரிக்கிற கையையும் சேர்த்து அனுப்பியிருக்கலாம்" என்றான்.

அவனை எல்லோரும் கோந்து என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தெட்டு வயது. ஒரு இடத்தில் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டான். ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டாலும் அப்படித்தான். சர்வேயரம்மா அவனைவிடப் பதினான்கு வயது மூத்தவர். இருபத்தைந்து வருடம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சர்வேயராக இருந்து, மோதி நசுங்கிய வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதியவர். நசுங்கிய வண்டிகள் அவருக்கு அலுக்கவில்லை. அந்த வண்டிகளைப் பற்றி மனிதர்கள் சொன்ன பொய்கள்தான் அலுத்துப்போயின. அதனால் வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறியும் அலுவலகம் வைத்தார். அங்கேயும் வருவதெல்லாம் பொய்கள்தான் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

இந்த வழக்கு அன்று காலையில்தான் வந்தது. கூப்பிட்டவர் ஒரு பல் டாக்டர். அவர் வீட்டு வாசலில் நிற்கும் கார் அறுபது வருடப் பழையது. கறுப்பு நிறம், உருண்டை முகப்பு விளக்குகள், எங்கே போனாலும் நாலு பேர் நின்று பார்க்கிற வண்டி. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற கார்ப்பரேட்டர் தேய்ந்துபோக, அதே மாடலில் புதிதாக ஒன்றை வரவழைத்து, திங்கட்கிழமை மெக்கானிக் மாட்டிக் கொடுத்தார். வியாழக்கிழமை காலையில் வண்டி நடுத்தெருவில் தீப்பிடித்தது. டிரைவர் ஆஸ்பத்திரியில், மெக்கானிக் போலீஸ் லாக்கப்பில். இன்று சனிக்கிழமை.

காலையில் தெருமுனை மருந்துக்கடையில் வழி கேட்டபோது, கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாரு, மாப்பிள்ளை டாக்டரா? அதோ அந்தப் பழைய கார்க்காரர் வீடு" என்று கைகாட்டினார். மாப்பிள்ளை என்றதும் கோந்து இளைஞர் ஒருவரை எதிர்பார்த்துப் போனான். உள்ளே இருந்தவருக்கு ஐம்பத்தெட்டு வயது.

வீட்டின் முன்னறைதான் கிளினிக். பேசிக்கொண்டிருந்த கால் மணி நேரத்தில் டாக்டர் மூன்று முறை கை கழுவினார். நோயாளி துப்புகிற பீங்கான் கிண்ணத்தில் இளஞ்சிவப்புத் தண்ணீர் சுழன்றுகொண்டே இருந்தது. அதற்குப் பக்கத்தில் நின்றபடியே அவர் டீ குடித்தார். தனக்கு வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். கார் மனைவியுடையது, மாமனார் விட்டுப்போனது. மனைவி அந்த மெக்கானிக்கைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்; இவ்வளவு நடந்த பிறகும் வண்டியை அவனிடமே கொடுத்துச் சரிசெய்வேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். விஷயம் தெரிந்த ஒருவர் கையெழுத்துப் போட்டு, தப்பு மெக்கானிக்குடையதுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அவள் வாயை அடைத்துவிடலாம்.

"என்ன வேலை செஞ்சிருக்கான் தெரியுமா? ஒரு பேக்கிங்கைக்கூட ஒழுங்கா வைக்கத் தெரியல. தலைகீழா வெச்சு மூடியிருக்கான். இவனெல்லாம் மெக்கானிக்" என்றார் டாக்டர்.

கார்ப்பரேட்டரின் மேல் மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் வைக்கிற தடித்த காகிதம்தான் பேக்கிங். சர்வேயரம்மா அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். டாக்டரின் மனைவி முன்மேசையில் உட்கார்ந்து நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கிளம்பும்போது அவர் தலை நிமிராமல் ஒன்றே ஒன்று சொன்னார்: முப்பது வருடத்தில் மெக்கானிக் கை வைத்த வண்டி ஒரு தடவைகூடத் தன்னை நடுரோட்டில் விட்டதில்லை.

இப்போது டிரைவர், கோந்து ஊட்டிய சுளையை விழுங்கிவிட்டு நடந்ததைச் சொன்னார். செவ்வாய்க்கிழமை வண்டி ஓடும்போது நன்றாக ஓடியது. சிக்னலில் நின்று ஆக்ஸிலேட்டர் மிதியிலிருந்து காலை எடுத்தால் உடனே அணைந்துபோனது. ஏழு இடத்தில் அணைந்ததாம். மெக்கானிக்குக்குப் போன் செய்தார். வியாழன் காலையில் கொண்டுவரச் சொன்னார் மெக்கானிக். வியாழன் எட்டரைக்கு மெக்கானிக் ஷெட்டுக்கு வண்டியை எடுத்தார். நாலாவது தெருவில் குப்பென்று பெட்ரோல் வாடை. ஓரம் கட்டி முன்மூடியைத் திறந்தால் எஞ்சின் மேல் நெருப்பு.

"ஓடிப் போயிருக்கலாமே?" என்றான் கோந்து.

"பின்னாடி ஸ்கூல் வேன் ஒட்டி நின்னுச்சுங்க. உள்ள பூராவும் சின்னப் பிள்ளைங்க. அது பின்வாங்க வழியில்ல."

கால்மிதியைச் சுருட்டி அடித்திருக்கிறார். அது எரிந்து தீர்ந்த பிறகு கையால் அடித்திருக்கிறார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் எந்த வீரமும் இல்லை. முன் சீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். அது அந்தக் காலத்துத் தோலாம், இப்போது கிடைக்காதாம்.

சர்வேயரம்மா புதன்கிழமையைப் பற்றி விசாரித்தார். புதன்கிழமை டிரைவர் ஊரிலேயே இல்லை. தயாராக இருந்த பல் செட்டுகளை வாங்கி வரச் சொல்லி டாக்டர் அவரைப் பஸ்ஸில் பக்கத்து ஊருக்கு அனுப்பியிருந்தார். வழக்கமாக அவை பார்சலில் வந்துவிடும். அன்றைக்கு அவசரம் என்று சொன்னாராம்.

"வியாழக்கிழமை வண்டியில யார் போறதா இருந்துச்சு?"

டிரைவர் கொஞ்சம் தயங்கினார். "அம்மாதாங்க. சிநேகிதி வீட்டுக் கல்யாணம். டாக்டர் ஐயாவும் கார்லயே போயிட்டு வான்னு செவ்வாய்க்கிழமையே சொல்லிக்கிட்டிருந்தாரு. அம்மாதான் நடுவுல அணைஞ்சு மானத்தை வாங்கும்னுட்டு, எட்டு மணிக்கே ஆட்டோ பிடிச்சுக் கிளம்பிட்டாங்க. ஐயாவுக்கு அது தெரியாது, உள்ளே பேஷன்ட் பார்த்துக்கிட்டிருந்தாரு."

சர்வேயரம்மா எழுந்தார். கோந்து மீதி ஆரஞ்சுகளையும் உரித்து, ஒரு தட்டில் அடுக்கி, பக்கத்துக் கட்டில்காரரின் மகளிடம் ஊட்டிவிடும்படி சொல்லிவிட்டு வந்தான்.

போலீஸ் நிலையத்தின் பின்பக்கம், பறிமுதல் செய்த மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் கறுப்புக் கார் நின்றுகொண்டிருந்தது. முன்மூடி கொப்புளித்துப் பெயர்ந்திருந்தது. பின்பாதி மட்டும் பளபளவென்று இருந்ததுதான் பார்க்கச் சகிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் சாப்பிடப் போகிற அவசரத்தில் இருந்தார். மெக்கானிக் குற்றத்தை ஒப்புக்கொண்டாகிவிட்டது, இதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒரு ஏட்டை மட்டும் சாட்சிக்கு நிறுத்திவிட்டுப் போனார்.

சர்வேயரம்மா எதையும் உடனே தொடவில்லை. முதலில் டார்ச் அடித்துக் கார்ப்பரேட்டரின் மேல் மூடியைப் பார்த்தார். அதில் ஆறு திருகாணிகள். ஆறின் தலையிலும், ஸ்குரூ டிரைவர் வைக்கிற கோட்டுக்குள்ளும், கரி மெழுகினதுபோல் படிந்திருந்தது. கோந்துவைப் போட்டோ எடுக்கச் சொன்னார். ஏட்டைக் கூப்பிட்டு, தீப்பிடித்ததிலிருந்து யாராவது இதைத் திறந்தார்களா என்று கேட்டார். யாரும் கிட்டேகூடப் போகவில்லை, நாறுகிறது என்றார் ஏட்டு. அதற்குப் பிறகுதான் கரியைச் சுரண்டித் திருகாணிகளைக் கழற்றினார்.

மூடியைத் தூக்கியதும் பேக்கிங் தெரிந்தது. ஓரங்கள் மட்டும் கருகியிருந்தன. காகிதத்தில் துளை இருக்க வேண்டிய ஓரிடத்தில் துளை இல்லை. துளை தேவைப்படாத எதிர்ப்பக்கத்தில் இருந்தது.

"டாக்டர் சொன்னது சரிதான் மேடம். தலைகீழாத்தான் இருக்கு. கையெழுத்துப் போட்டுட்டு நாமளும் சாப்பிடப் போகலாமா?" என்றான் கோந்து.

சர்வேயரம்மா மூடியை ஏட்டின் கையில் கொடுத்தார்.  பிறகு லாக்கப்பை நோக்கி நடந்தார்.

மெக்கானிக் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். ஒரு மூலையில் நிறைந்திருந்த வாளிதான் அந்த அறையின் கழிவறை. இரண்டு நாளாக அதன் பக்கத்திலேயே அவருக்குச் சாப்பாடு வைத்திருக்கிறார்கள். சர்வேயரம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் கம்பிகளுக்கு நேராக நின்றார்.

"என் தப்புதாம்மா" என்றார் மெக்கானிக், யாரும் கேட்பதற்கு முன்பே. "பேக்கிங் திரும்பிப் போச்சு. திங்கக்கிழமை அவசரத்துல மூடினேன். நிக்கிற இடத்துல எல்லாம் அணையுதுன்னு டிரைவர் போன்ல சொன்னதுமே எனக்குப் புரிஞ்சிருச்சு. கொண்டு வந்தா ரெண்டு நிமிஷ வேலை. அதுக்குள்ள அந்த மனுஷன் கை போச்சு."

பேக்கிங் விஷயத்தை வேறு யாரிடம் சொன்னார் என்று சர்வேயரம்மா கேட்டார். யாரிடமும் சொல்லவில்லை என்றார் மெக்கானிக். இன்ஸ்பெக்டரிடம்கூடத் தப்பு என்னுடையது என்று மட்டும்தான் சொன்னாராம். நாற்பது வருடம் தொழில் செய்தவன் பேக்கிங்கைத் திருப்பிப் போட்டேன் என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்ததாம்.

"சரி. பேக்கிங் திரும்பினா என்ன ஆகும்?"

"மெதுவா ஓடும்போது பெட்ரோல் போற வழி அடைச்சுக்கும். எஞ்சினுக்குப் பத்தாது. அணையும்."

"அப்போ பெட்ரோல் குறையும். கூடாது."

"குறையத்தாம்மா செய்யும்."

"வியாழக்கிழமை பெட்ரோல் பொங்கி வழிஞ்சு எஞ்சின் மேல கொட்டியிருக்கு. நீங்க செஞ்ச தப்பு வண்டியைப் பட்டினி போடற தப்பு. வண்டி செத்தது வாந்தி எடுத்து. ரெண்டும் ஒரே கை செஞ்ச வேலை இல்ல."

மெக்கானிக் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். தன்னைத்தானே திட்டிக்கொள்வதில் இருந்த மும்முரத்தில், நாற்பது வருடத் தொழிலறிவை அவர் இரண்டு நாளாகப் பயன்படுத்தவே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. "ஃப்ளோட்டு" என்றார் மெதுவாக. "ஃப்ளோட்டைப் பாருங்கம்மா. வெந்நீர்ல போட்டுப் பாருங்க."

கழிவறைத் தொட்டிக்குள் ஒரு பந்து மிதக்குமே, அதே ஏற்பாடுதான் கார்ப்பரேட்டருக்குள்ளும். உள்ளே காற்று மட்டும் இருக்கிற சின்னப் பித்தளை மிதவை. பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறி, வருகிற வழியை மூடும். மிதவைக்குள்ளேயே பெட்ரோல் புகுந்துவிட்டால் அது மூழ்கிவிடும். வழி மூடவே மூடாது.

சர்வேயரம்மா மிதவையைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பார்த்தார். உள்ளே சளசளவென்றது.

கோந்து எதிர்க் கடையிலிருந்து ஒரு டம்ளர் வெந்நீர் வாங்கி வந்தான். டீத்தூள் போடாமல் வெறும் வெந்நீர் கேட்டதற்காகக் கடைக்காரர் தன்னை மேலும் கீழும் பார்த்ததாகவும், உடம்பு சரியில்லாத ஒரு கார்ப்பரேட்டருக்கு என்று சொன்னதும் அனுதாபப்பட்டதாகவும் சொன்னான். மிதவையை உள்ளே அமுக்கினார்கள். சூட்டில் உள்ளே இருந்த காற்று விரிந்தது. அடிப்பக்கத்தில், ஒரே ஒரு இடத்திலிருந்து, நூல் பிடித்ததுபோல் குமிழிகள் கிளம்பின.

துடைத்துவிட்டுப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்கள். விரிசலோ துருவோ இல்லை. பாதிக் கடுகு அளவில், சுத்தமான வட்டமாக ஒரு துளை. சுற்றிலும் பித்தளை கொஞ்சம்கூட நசுங்கவில்லை. துளையின் விளிம்பில், நகத்தால் கிள்ளி எடுக்கிற அளவுக்கு, ரோஜா நிறத்தில் மெழுகு ஒட்டியிருந்தது.

"துளை போட்டு, மெழுகு வெச்சு அடைச்சிருக்கான்" என்றார் சர்வேயரம்மா. "பெட்ரோல்ல ஊறி, எஞ்சின் சூட்டுல மெழுகு கரையற வரைக்கும் வண்டி ஓடும். வீட்டு வாசல்ல ஒண்ணும் தெரியக்கூடாது. நாலு தெரு தள்ளித் தெரியணும்."

"இவ்வளவு சின்னதா துளை போடணும்னா தட்டார் கடைக்குத்தான் போகணும் மேடம். எந்த மெக்கானிக் ஷெட்லயும் இந்த அளவுக்கு முனை கிடையாது."

"தட்டார் கடை ஒண்ணு. இன்னொண்ணு?"

கோந்து யோசித்தான். யோசித்துக்கொண்டே இருந்தவனின் கை தானாக எழும்பித் தன் கடைவாய்ப் பல்லைத் தடவியது. பிறகு சட்டென்று கீழே இறங்கியது. 

சர்வேயரம்மா மிதவையைக் கைக்குட்டையில் சுற்றி, ஏட்டிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, குழாயில் கை கழுவினார். சோப்புப் போட்டுக் கழுவியும் கரி போகவில்லை, நாற்றமும் போகவில்லை. காலையில் டாக்டர் மூன்று தடவை கை கழுவியது ஞாபகம் வந்தது. கிளம்புவதற்கு முன் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்து, சாப்பாடு முடிந்ததும் டாக்டர் வீட்டுக்கு வரும்படி சொன்னார்.

அவர்கள் போனபோது மணி இரண்டு. கிளினிக்கில் நோயாளிகள் இல்லை. டாக்டர் மலர்ந்த முகத்துடன் அறிக்கைக்காகக் கை நீட்டினார். சர்வேயரம்மா அவருடைய மனைவியையும் உள்ளே வரச் சொன்னார். டாக்டருக்கு அது பிடித்திருந்தது. இவளும் கேட்கட்டும் என்று அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மிதவையில் துளை இருப்பதையும், யாரோ வேண்டுமென்றே போட்டு மெழுகால் அடைத்திருப்பதையும் சர்வேயரம்மா சொன்னார். யார் என்று சொல்லவில்லை.

டாக்டர் ஒரு நிமிடம்தான் தடுமாறினார். பிறகு, டிரைவரின் மனைவி வீட்டில் கலர் கலராக மெழுகுவர்த்தி செய்து கடைகளுக்குப் போடுகிறவள் என்று சொன்னார். சம்பளம் கூட்டித் தரவில்லை என்று டிரைவருக்குத் தன்மேல் வருத்தம் இருந்ததாகவும், இந்த மாதிரி ஆட்களை நம்பவே கூடாது என்றும் சொன்னார். சொல்லிக்கொண்டே குழாயைத் திறந்து கை கழுவினார்.

கோந்து நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டான். அவன் தானாக எழுந்து சர்வேயரம்மா பார்த்ததில்லை.

சர்வேயரம்மா டாக்டரின் மனைவியிடம் திரும்பினார். பல்லைக் குடைகிற முனைகளிலேயே சின்னது எது என்று கேட்டார். முப்பது வருடமாகக் கருவிகளைக் கொதிக்க வைத்து அடுக்குகிறவர் அவர்தான். தேட வேண்டியிருக்கவில்லை. தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். சர்வேயரம்மா மிதவையைத் திருப்பிப் பிடித்தார்.

முனை துளைக்குள் இறங்கி, ஆடாமல் நேராக நின்றது.

"இது எல்லா பல் டாக்டர்கிட்டயும் இருக்கு" என்றார் டாக்டர். "இதுல என்ன நிரூபிக்க முடியும்?"

"இதுல ஒண்ணும் இல்ல. பல் செட்டுக்கு அளவெடுக்க உங்ககிட்ட இருக்கிற ரோஜாக் கலர் மெழுகும் ஊர்ல நாலு டாக்டர்கிட்ட இருக்கும். காலையில நீங்களா ஒண்ணு சொன்னீங்க. பேக்கிங் தலைகீழா இருக்குன்னு."

"இருக்குல்ல? இருக்கா இல்லையா?"

"இருக்கு. மூடியைத் திறந்தாத்தான் அது தெரியும். தீப்பிடிச்சதுக்கு அப்புறம் யாரும் திறக்கல. திருகாணி மேல கரி அப்படியே படிஞ்சிருந்தது, போட்டோ இருக்கு, போலீஸ் சாட்சி இருக்கு. மெக்கானிக்கும் யார்கிட்டயும் சொல்லல. அப்போ தீப்பிடிக்கிறதுக்கு முன்னாடி திறந்து பார்த்தவருக்குத்தான் அது தெரியும். புதன்கிழமை டிரைவரை ஊரை விட்டு அனுப்பிட்டு யார் திறந்தது?"

குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. டாக்டரின் மனைவி கை நீட்டி அதை மூடினார்.

டாக்டர் முதலில் மறுத்தார். பிறகு கோபப்பட்டார். அதற்கும் பிறகு, யாரும் கேட்காமலேயே, கொட்ட ஆரம்பித்தார். கல்யாணமான நாளிலிருந்து இந்தத் தெருவில் தனக்குப் பேர் கிடையாது. பழைய கார்க்காரர் வீட்டு மாப்பிள்ளை. மாமனார் செத்துப் பதினாறு வருடமாகியும் அவர் கார் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. தன்னுடைய வண்டியைத் தெருவில் நிறுத்த வேண்டியிருக்கிறது. வருகிற நோயாளிகள்கூட பல்லைக் காட்டுவதற்கு முன்னால் காரைப் பார்க்கிறார்கள். விற்றுவிடு என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது.

"பெட்ரோல் வழியணும், புடவையெல்லாம் நாறணும், கல்யாணத்துக்குப் போற வழியில நாலு பேர் பார்க்க இறங்கி நடக்கணும். வெறுத்துப் போய் அவளே வித்துடலாம்னு சொல்லணும். அவ்வளவுதான் நான் நினைச்சது" என்றார். "நெருப்புப் பிடிக்கும்னு யாரு கண்டா?"

 சர்வேயரம்மா கொலைகாரர்களுக்கு எதிரில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார். அவர்களில் சிலர்மேல் பரிதாபம்கூட வந்திருக்கிறது. இந்த மனிதர்மேல் கோபம்கூட வர மறுத்தது. எழுந்து போய்விட வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது.

"மூடியைத் திறந்ததுமே பேக்கிங் தப்பா இருக்கிறதைப் பார்த்தீங்க. பார்த்துட்டு, துளையைப் போட்டு, அந்தத் தப்பையும் பத்திரமா அப்படியே வெச்சு மூடினீங்க. பழியைப் போட ஒரு ஆள் கிடைச்சாச்சுன்னு. நெருப்பை நினைக்கலைன்னு சொல்றதை நான் நம்பறேன். ஒருத்தர் கை வெந்தப்புறம் ரெண்டு நாள் இருந்துச்சே. அந்த ரெண்டு நாள்ல ஆரஞ்சு வாங்கி அனுப்பத்தான் தோணுச்சா?"

 டாக்டர் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

 அந்த அம்மாள், முனை குத்தி நின்ற மிதவையை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வியாழக்கிழமை நான் அதுல போறதா இருந்தது" என்றார். குரல் ஏறவில்லை. "பின் சீட்டுல. உங்களுக்குத் தெரியும்."

"உனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார் டாக்டர்.

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. ஜன்னலோரம் நின்ற கோந்து முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டான். டாக்டரின் மனைவி தன் கணவரை, முதல் தடவையாகப் பார்க்கிறவர்போல, மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு தடவை பார்த்தார். அதற்குப் பிறகு அவர் பக்கம் திரும்பவே இல்லை.

வாசலில் போலீஸ் ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அதே நேரத்தில் முன்மேசையில் தொலைபேசி அடித்தது. டாக்டர் பழக்கதோஷத்தில் மனைவியைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த அம்மாள் எழுந்து போய் எடுத்தார். மறுமுனையில் யாரோ சாயங்காலத்துக்கு நேரம் கேட்டார்கள்.

அவர் நேரம் குறிக்கிற நோட்டைத் திறந்தார். அதில் தன் கையால் எழுதியிருந்த பெயர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பேனாவை எடுத்து, அன்றைய பக்கத்தின் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டார்.

"டாக்டர் இல்லீங்க" என்றார். "இல்ல, நாளைக்கும் இல்ல. நீங்க வேற நல்ல டாக்டரைப் பார்த்துக்குங்க."

அடுத்த பக்கத்தைப் புரட்டி, அதிலிருந்த முதல் நோயாளியின் எண்ணை அவரே அழுத்த ஆரம்பித்தார்.